ரோசெஸ்டர் கோட்டையைத் தவறாகப் புரிந்துகொள்ளாமல் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையில் நிற்கிறது ரோசெஸ்டர் கோட்டை. அதன் பெருங்கோபுரம் 113 அடி உயரம், பக்கத்துக்குச் சுமார் 70 அடி அகலம். அடிப்பகுதியில் சுவரின் கனம் மட்டும் 12 அடி. பார்க்க வருகிறவர்களில் பலர் வாசலில் படம் எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். இவ்வளவு பேசக்கூடிய ஒரு கட்டடத்தை அப்படி விட்டுவிட்டுப் போவது வருத்தமாக இருக்கிறது. சில தவறான எண்ணங்களை முதலிலேயே விலக்கிவிட்டால், சுவரைப் பார்த்தே பாதிக் கதையைப் படித்துவிடலாம்.

முதல் தவறு, கோட்டை முழுவதையும் ஒருவரே ஒரே காலத்தில் கட்டினார் என்று நினைப்பது. கண்டல்ஃப் என்ற ஆயர்தான் எல்லாவற்றையும் கட்டினார் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1080களின் இறுதியில் கல் சுற்றுமதிலை எழுப்பியது அவர்தான். அதிலும் ஒரு பகுதி பழைய ரோமானிய நகரமதிலின் மேலேயே எழும்பியது. ஆனால் பெருங்கோபுரம் அவர் இறந்த பிறகு வந்தது. 1127-இல் மன்னர் முதலாம் ஹென்றி கோட்டையின் பொறுப்பைக் கேன்டர்பரி பேராயர்களிடம் ஒப்படைத்தார். அப்போதைய பேராயர் வில்லியம் டி கோர்பெய்தான் கோபுரத்தைக் கட்டினார். ஒரு சமயத் தலைவர் கட்டிய படைக்கோபுரம் இது என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் நடந்த சண்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

கோபுரத்தைத் தெற்குப் பக்கமாக நின்று பாருங்கள். மற்ற மூன்று மூலைகளும் சதுரம், தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை. இதை ஏதோ அலங்காரம் என்றோ, கட்டியவரின் விருப்பம் என்றோ எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அது ஒரு தழும்பு.

1215 ஜூனில் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த மாக்னா கார்ட்டா என்ற சாசனத்துக்கு ஒப்புக்கொண்ட மன்னர் ஜான், சில வாரங்களிலேயே அதிலிருந்து பின்வாங்கினார். பிரபுக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். பேராயரின் பொறுப்பில் இருந்த ரோசெஸ்டர் கோட்டை அவர்கள் கைக்குப் போனது. அக்டோபரில் ஜான் வந்து முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகள் இரவும் பகலும் வேலை செய்தும் கோபுரம் அசையவில்லை. அப்புறம்தான் நிலத்துக்கடியில் தோண்டினார்கள். மூலைக்குக் கீழே குடைந்துகொண்டே போய், மேலே இருக்கும் கல் சரியாமல் மரத்தூண்களால் முட்டுக்கொடுத்தார்கள். நவம்பர் 25 அன்று ஜான் ஓர் ஆணை அனுப்பினார்: சாப்பிட லாயக்கில்லாத, நல்ல கொழுப்பேறிய 40 பன்றிகளை உடனே அனுப்பு என்று.

இங்கேதான் கதை திரிகிறது. உயிருள்ள பன்றிகளுக்குத் தீ வைத்துச் சுரங்கத்துக்குள் விரட்டினார்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தேவைப்பட்டது பன்றியின் கொழுப்பு. சுரங்கத்தில் முட்டு மரம் விடாமல் எரிய வேண்டும், அதற்குத்தான் அது. முட்டுத்தூண்கள் எரிந்து விழுந்தன, மூலையும் சரிந்தது.

சரி, மூலை விழுந்ததும் கோட்டையும் விழுந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அதுவும் தவறு. கோபுரத்தை உள்ளே இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச்சுவர் ஒன்று இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் அதற்குப் பின்னால் ஒதுங்கி, போரைத் தொடர்ந்தார்கள். தங்கள் குதிரைகளையே தின்றார்கள். பசிதான் கடைசியில் அவர்களை நவம்பர் 30 அன்று சரணடைய வைத்தது. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் அந்த மூலையைத் திரும்பக் கட்டியபோது உருண்டையாகக் கட்டினார்கள். சுரங்கத்துக்குச் சதுர மூலை எவ்வளவு பலவீனம் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் கூரையும் தளமும் இல்லாத வெறும் கூடு தெரியும். “ஒண்ணுமே இல்லையே” என்று திரும்பிவிடாதீர்கள். சுவரில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருக்கும். தளத்தைத் தாங்கிய உத்திரங்கள் சொருகியிருந்த இடம் அது. ஒவ்வொரு வரிசையும் ஒரு தளம் என்று எண்ணிக்கொண்டே மேலே பார்த்தால், அந்தரத்தில் தொங்குவதுபோலத் தெரியும் அடுப்பு மாடங்கள் எந்த அறைக்கு உரியவை என்பது விளங்கிவிடும். குறுக்குச்சுவரின் நடுவே கிணறு மேல்தளம் வரை குழாய்போலப் போகிறது. எந்தத் தளத்தில் இருந்தாலும் அங்கேயே தண்ணீர் இறைக்கலாம். இரண்டாம் தளத்தில் குறுக்குச்சுவர் வளைவுகளாகத் திறந்து, கனத்த தூண்களும் கோணல்மாணல் கோட்டுச் செதுக்கலுமாக இருக்கிறது. வெறும் போர்க்கட்டடத்துக்கு இந்த வேலைப்பாடு எதற்கு? பேராயர் விருந்தினரை வரவேற்கும் மாளிகையாகவும் இதைக் கட்டினார். கோட்டை என்றாலே சிப்பாய்கள் அடைந்துகிடந்த இடம் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

சுழல் படிக்கட்டில் ஏறும்போது யாராவது, “மேலே நின்று வலக்கையால் வாள் வீசுபவருக்குச் சாதகமாகத்தான் இப்படிச் சுழற்றினார்கள்” என்று சொல்வார்கள். இந்தக் கருத்து 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது, இடைக்கால ஆதாரம் எதுவும் கிடையாது. மறுபக்கமாகச் சுழலும் படிகளும் அக்காலக் கோட்டைகளில் உண்டு.

கடைசித் தவறு, ஆற்றைப் பார்க்காமல் திரும்புவது. டோவரிலிருந்து லண்டனுக்குப் போகும் பழைய ரோமானியச் சாலை மெட்வேயைக் கடப்பது இங்கேதான், கோட்டை இந்த இடத்தில் இருப்பதும் அந்தப் பாலத்துக்காகத்தான். 1215-இல் ஜானின் ஆட்கள் முதலில் குறிவைத்ததும் பாலத்தைத்தான். அது போன பிறகு, லண்டனிலிருந்து கிளம்பிய உதவிப்படை பாதிவழியிலேயே திரும்பிவிட்டது. முழங்கால் ஒத்துழைத்தால் கோபுரத்தின் உச்சிவரை ஏறிவிடுங்கள். ஆறு, இன்றைய பாலம், பக்கத்திலேயே பேராலயம் எல்லாம் ஒருசேரத் தெரியும்.