மலைவீட்டுக் கழிவுநீர்க் குழாயில் அடைப்பு: இடத்தைக் கண்டறிவதும் நீக்குவதும்

சமையலறை சிங்க்கில் தண்ணீர் வடியாமல் நின்றுவிட்டால், நம்மில் பலர் முதலில் செய்வது ஒரு பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதைக் கொதிக்கக் கொதிக்கக் குழாயில் ஊற்றுவதுதான். சமவெளியில் அது ஓரளவு பலன் தரலாம். உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் அதே செயல், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த அடைப்பைக் கைக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். பாமாயிலும் ஆட்டுக்கொழுப்பும் அதைவிட வெதுவெதுப்பான நிலையிலேயே கெட்டிப்படும். மலையில் வெளிச்சுவரை ஒட்டி நிழலில் இறங்கும் குழாய் ஆண்டின் பெரும்பகுதியில் அந்த வெப்பத்தை எட்டுவதே இல்லை. ஆகவே வெந்நீரில் உருகிய கொழுப்பு சில மீட்டர் தூரம் ஓடிக் குளிர்ந்து, அடுத்த வளைவில் மீண்டும் உறைகிறது. உதகையின் உயரத்தில், அதாவது சுமார் 2,240 மீட்டரில், தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பிவிசி குழாய்க்கு அது தீங்கு செய்யாது என்று வாதிடுபவர்களும் உண்டு. பிவிசி 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும் என்பதால் அந்த வாதம் நிற்காது.

எனவே மலைவீட்டில் இந்த வேலை கருவியை எடுப்பதில் தொடங்குவதில்லை. அடைப்பு எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கிறது என்று கண்டறிவதில் தொடங்குகிறது. கோத்தகிரியில் நான் பார்த்த ஒரு வீட்டில், சமையலறை சிங்க்கின் அடியிலிருந்த டிராப்பை, அதாவது குழாய் வாயு மேலேறாதபடி நீர் தேங்கி நிற்கும் வளைகுழாயை, மூன்று முறை கழற்றிக் கழுவி மாட்டியிருந்தார்கள். அடைப்போ அங்கிருந்து 12 மீட்டர் கீழே, குழாய் மண்ணுக்குள் நுழையும் வளைவில் இருந்தது.

வீட்டுக்குள் தெரியும் அறிகுறிகள்

ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து, சிங்க், வாஷ்பேசின், குளியலறைத் தரை, துவைக்கும் இடம் ஆகிய ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஊற்றி, வடிய எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் மட்டும் நீர் மெதுவாக வடிந்தால், அடைப்பு அதன் டிராப்பிலோ, அங்கிருந்து பொதுக்குழாயைச் சேரும் கிளைக்குழாயிலோ இருக்கிறது. கழிப்பறையில் ஃபிளஷ் செய்யும்போது குளியலறை ஜாலி வழியாக நீர் மேலெழுந்தாலும், துவைக்கும் இயந்திரம் நீரை வெளியேற்றும்போது வாஷ்பேசினில் 'களக் களக்' என்று ஒலித்தாலும், இரண்டுக்கும் பொதுவான குழாயைத்தான் பார்க்க வேண்டும். ஒலி மட்டும் கேட்டு நீர் தேங்காமல் இருந்தால், கூரைக்கு மேல் நீட்டியிருக்கும் காற்றுக்குழாயின் வாயில் சருகோ பறவைக்கூடோ அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பொதுக்குழாய் அடைத்தால் வீட்டிலேயே மிகத் தாழ்ந்த வாய் வழியாகத்தான் நீர் முதலில் மேலேறும் என்பதால், நீர் தேங்கிய இடமே அடைப்பு உள்ள இடம் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

நாற்றத்தை மட்டும் வைத்து அடைப்பு என்று சொல்லிவிட முடியாது. விருந்தினர் வராத மாதங்களில் பூட்டிக் கிடக்கும் விடுதி அறைகளில், நஹானி டிராப்பில், அதாவது குளியலறைத் தரை ஜாலியின் அடியிலுள்ள டிராப்பில், நிற்க வேண்டிய நீர் வற்றிவிடுவதால் குழாயின் வாயு அறைக்குள் வருகிறது. இரண்டு குவளை நீர் ஊற்றினாலே அது நின்றுவிடும். ஆள் கூப்பிடத் தேவையில்லை.

சமவெளியில் பயன்படாத ஒரு சோதனை மலையில் பயன்படும். காலையில் மெதுவாக வடியும் சிங்க், வெயில் ஏறிய பின் பிற்பகலில் ஓரளவு நன்றாக வடிகிறது என்றால், வெயில் படும் வெளிச்சுவர்க் குழாயில் எண்ணெய்ப் படிவம் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வேளை மாறினாலும் வேகம் மாறாவிட்டால், தேநீர்ச் சக்கை, அரிசி, தோட்டத்திலிருந்து கேரட்டோடும் உருளைக்கிழங்கோடும் வந்த மண், தலைமுடி போன்றவற்றை எண்ணிப் பார்க்கலாம். தேநீர்ச் சக்கையின் பங்கை நம் வீடுகளில் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அது தனியாக இருந்தால் ஓடிவிடும், எண்ணெயோடு சேர்ந்தால் சாந்துபோல் இறுகிவிடும். மழை பெய்யும் நாளில் மட்டும் தொல்லை வருகிறது என்றால், மழைநீர் எங்கோ சேம்பருக்குள் (குழாய் வழியில் கட்டிய, மூடியுள்ள சிறு தொட்டிக்குள்) புகுகிறது, அல்லது செப்டிக் டேங்க்கின் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி ஈரத்தில் ஊறி நீரை ஏற்க மறுக்கிறது என்று பொருள். கூடலூர்ப் பக்கத்தில் இது தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையிலும் தெரியவரும்.

சேம்பர்களைத் திறந்து பார்த்தல்

வீட்டுக்கு வெளியே குழாய் திரும்பும் இடங்களில் சேம்பர்கள் கட்டப்பட்டிருக்கும். வீட்டை ஒட்டிய சேம்பரிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். நிரம்பி நிற்கும் கடைசிச் சேம்பருக்கும் காலியாக இருக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு இருக்கிறது. முதல் சேம்பரே காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்குள்ளோ வீட்டை ஒட்டியோ உள்ளது. எல்லாம் நிரம்பியிருந்தால் செப்டிக் டேங்க் பக்கம் போக வேண்டும். எந்தக் குழாய் எந்தச் சேம்பரில் சேர்கிறது என்று தெரியாத பழைய வீடுகளில், ஒரு வாளி நீரில் கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு, நிறம் எங்கே வெளிப்படுகிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லலாம்.

சரிவில் கட்டிய வீடுகளில் இந்தச் சோதனையைச் செய்யும்போது கூடுதல் கவனம் தேவை. சமவெளியில் அடைப்பு ஏற்பட்டால் நீர் அன்றைக்கே வீட்டுக்குள் வந்து நிற்கும். குன்னூரில், வீட்டுத் தரைக்கு ஐந்தாறு மீட்டர் கீழே குழாய் அடைத்துக்கொண்டால், கழிவுநீர் குழாய்க்குள்ளேயே தூண்போல் உயர்ந்து நிற்கும். வீட்டார் எதையும் உணர மாட்டார்கள். 110 மில்லிமீட்டர் குழாய் ஒரு மீட்டருக்கு எட்டு லிட்டருக்கும் அதிகமாக நீர் கொள்ளும் என்பதால், 10 மீட்டர் நீளத்தில் நிற்பது 80 லிட்டருக்கும் மேலான கழிவுநீர். கீழே நின்றுகொண்டு டோர் பெண்டின் (திறந்து பார்ப்பதற்கு மூடி வைத்த குழாய் வளைவின்) மூடியைச் சட்டென்று கழற்றினால் அத்தனையும் கழற்றியவரின் முகத்தில் பாயும். மறையாணிகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி, பக்கவாட்டில் நின்று, நீர் கசிந்து அழுத்தம் குறையும்வரை காத்திருக்க வேண்டும். குழாய் கீழ்வீட்டாரின் முற்றத்தைக் கடந்து சென்றால், அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டே எதையும் திறக்க வேண்டும் என்பதைத் தனியாக எழுதவும் வேண்டுமா!

அப்படித் தேங்கி நிற்கும் நீர் இணைப்புகள் வழியாக மண்ணுக்குள்ளும் கசியும். தடுப்புச் சுவரின் ஒரு பகுதி மட்டும் வறண்ட நாளிலும் ஈரமாக இருப்பதும், ஓரிடத்தில் மட்டும் புல் செழித்து வளர்வதும், அந்தச் சுவரின் நீர்த்துளைகளில் சோப்பு மணம் வீசுவதும் இதற்கான அடையாளங்கள். சரிவில் மண் ஊறினால் சுவரே நகரக்கூடும் என்பதால், இந்த அடையாளங்கள் இருந்தால் அடைப்பை எடுத்ததோடு நிறுத்தாமல் குழாயைத் தோண்டிப் பார்த்து இணைப்பைச் சரிசெய்ய வேண்டும்.

நீக்கும் முறை

டிராப்பில் அடைப்பு என்று தெரிந்தால், அடியில் ஒரு வாளியை வைத்துக் கையாலேயே கழற்றிக் கழுவலாம். கிளைக்குழாயில் இருந்தால் பிளஞ்சரை, அதாவது கைப்பிடியில் ரப்பர் கிண்ணம் பொருத்திய கருவியை, பயன்படுத்தலாம். வாஷ்பேசினின் மேலோரத்தில் உள்ள சிறு துளையையும், இரட்டை சிங்க் என்றால் மற்றொரு வாயையும் ஈரத்துணியால் இறுக அடைத்து, பிளஞ்சரின் ரப்பர் மூழ்கும் அளவுக்கு நீர் நிறுத்தி, பதினைந்து இருபது முறை அழுத்தி இழுக்க வேண்டும். துளையை அடைக்காமல் எத்தனை முறை அழுத்தினாலும் காற்றுதான் வெளியேறும்.

அதற்கும் அசையாவிட்டால் ஸ்பிரிங்கை, அதாவது குழாய்க்குள் நுழைக்கும் நீண்ட, வளையும் கம்பிச்சுருளை, எடுக்கலாம். அதை ஒரே திசையில், கருவியில் குறித்துள்ளபடி சுழற்றிக்கொண்டே நுழைக்க வேண்டும். தட்டியவுடன் பலங்கொண்டு தள்ளினால் அது குழாய்க்குள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். தட்டிய இடத்தில் ஸ்பிரிங்கின் மேல் ஒரு நாடாவை ஒட்டிவிட்டு வெளியே இழுத்து, அந்த நீளத்தைக் குழாய் செல்லும் வழியில் அளந்து பார்த்தால் அடைப்பின் இடம் தெரிந்துவிடும். முனையில் ஒட்டி வருவதைக் கழுவிவிடாமல் பார்க்க வேண்டும். வெண்மையான மெழுகுபோல் வந்தால் கொழுப்பு. மெல்லிய நார்கள் வந்தால் வேர்; பழைய பங்களாக்களில் சிமெண்ட் வைத்து இணைத்த பீங்கான் குழாய்களில் மரவேர்கள் இணைப்பு வழியாகத்தான் நுழைகின்றன, வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளரும். சிவந்த மண் வந்தால் குழாய் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கே மேலும் குத்துவது உடைப்பைப் பெரிதாக்கும்.

கொழுப்பு என்றால், உடைத்துக் கீழே அனுப்பிவிடுவதோடு வேலை முடியாது. கீழ்ச் சேம்பரின் வெளிவாயில் ஒரு கம்பிவலையை வைத்து, வரும் கட்டிகளை அள்ளி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் அடுத்த வளைவில் அதே கட்டியைச் சந்திப்போம். இதன் பிறகு, கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து சிங்க்கை நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிடலாம். சூட்டைவிட, திரண்டு பாயும் நீரின் அளவே குழாயைக் கழுவுகிறது.

காஸ்டிக் சோடாவையும் ஆசிட்டையும் நான் பரிந்துரைப்பதில்லை. குளிர்ந்த குழாயில் காஸ்டிக் சோடா கொழுப்போடு சேர்ந்து கடினமான சோப்புக் கட்டியாக மாறிவிடக்கூடும். செப்டிக் டேங்க்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் அது கொல்லும். பிளீச்சிங் பவுடர் போட்ட குழாயில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். குளிருக்காக ஜன்னலை மூடியே வைத்திருக்கும் நம் குளியலறைகளில் அது உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே ஏதாவது ஊற்றியிருந்தால், வேலைக்கு வருபவரிடம் அவர் கையை வைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆள் அழைக்க வேண்டிய நேரம்

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நீர் தேங்கினாலும், ஒரே அடைப்பு ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தாலும், வேரோ மண்ணோ வெளிவந்தாலும், அழுத்த நீர் பாய்ச்சும் ஜெட் இயந்திரமும் கேமராவும் வைத்திருப்பவரை அழைக்கலாம். ஜெட் குழலைக் கீழ்ச் சேம்பரிலிருந்து மேல்நோக்கிச் செலுத்துவதே வழக்கமான முறை. முனையிலிருந்து பின்நோக்கிப் பாயும் நீர் கசடைச் சேம்பருக்கு இழுத்து வரும். ஆனால் சரிவில், மேலே தேங்கி நிற்கும் நீரை முதலில் இறைத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். பழைய பீங்கான் குழாய் என்றால் முதலில் கேமராவைச் செலுத்திப் பார்த்துவிட்டு, குறைந்த அழுத்தத்தில் தொடங்கச் சொல்ல வேண்டும். கட்டணத்தைப் பேசும்போது, கேமராவில் பதிவான காட்சியை உங்கள் கைப்பேசிக்குத் தருவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால், கழிவு உறிஞ்சும் லாரிதான் வழி. குளிரில் கழிவு மெதுவாகச் செரிப்பதால், மலையில் கசடு சமவெளியைவிட விரைவாகச் சேரும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பது அவசியம். எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரையும் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. உள்ளே சேர்ந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு நொடிகளில் மயக்கமடையச் செய்யும், காப்பாற்ற இறங்குபவரும் அதேபோல் விழுவார். பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறங்குபவரே "ஒன்றும் ஆகாது சார்" என்று சொன்னாலும் அழைத்தவர் பொறுப்பிலிருந்து விடுபட முடியாது. லாரி ஏறாத படிக்கட்டுத் தெரு என்றால், எத்தனை மீட்டர் குழல் தேவைப்படும் என்று அளந்து முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வேலை முடிந்ததும், அதே 10 லிட்டர் வாளியை எடுத்து எல்லா இடங்களிலும் மீண்டும் ஊற்றி, புதிய நேரங்களைப் பழைய நேரங்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அதே தாளில், ஒவ்வொரு சேம்பரும் வீட்டு மூலையிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, குழாய் எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது, இம்முறை எந்த மீட்டரில் அடைத்திருந்தது என்பதையும் வரைந்து, மின்மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.