பக்கிங்காம் கால்வாய்க் கரையில் அரை நாள்: புதுச்சேரியிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

பக்கிங்காம் கால்வாய் என்றாலே சென்னையின் சாக்கடைதான் பலருக்கு நினைவு வரும். அதே கால்வாயின் தென்கோடி நமக்குப் பக்கத்தில், மரக்காணத்தில் இருக்கிறது. ஈசிஆரில் சுமார் 35 கிலோமீட்டர். ஆந்திராவில் தொடங்கிக் கடலோரமாகவே வந்து இந்தப் பக்கம் முடிகிறது.

முதலில் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இது பாசன வாய்க்கால் இல்லை. உள்ளே கிடப்பது உப்புத் தண்ணீர். படகு போகத்தான் வெட்டினார்கள். 1876–78 பெரும்பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து 8 கிலோமீட்டர் தோண்டினார்கள். 1878-ல் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. விறகும் உப்பும் இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போயின. பல இடங்களில் ஆட்களே கரையோரம் நடந்து படகைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அதனால் தண்ணீரைவிடக் கரையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து, நாள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாதீர்கள், கரை மண் வழுக்கும். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைக் கைபேசியில் பார்த்து, தண்ணீர் வற்றும் நேரத்தில் போய்ச் சேருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் கூடுதலாக இருக்கும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது.

கிளம்புமுன் செயற்கைக்கோள் வரைபடத்தில் மரக்காணத்தைத் திறந்து பாருங்கள். இயற்கையான ஓடைகள் வளைந்து நெளிந்து போகும். கோடு கிழித்தாற்போல் நேராக ஓடுவது எதுவோ அதுதான் மனிதர் வெட்டியது. வண்டிப்பாதை அதைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பஸ் சுலபம். ஈசிஆர் வழியாகச் சென்னை போகும் வண்டியில், "மரக்காணம் நிக்குமாண்ணே?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இனி கரை. தோண்டிய மண்ணைப் பக்கத்திலேயே கொட்டியதால் எழுந்த மேடு அது. அதன் மேல் நின்று நீளவாக்கில் பாருங்கள். இழுகயிறு தடையில்லாமல் போக வேண்டுமென்றால், நடப்பவருக்கும் படகுக்கும் நடுவில் மரம் எதுவும் இருக்கக் கூடாது. இப்போது தண்ணீர் விளிம்பு வரைக்கும் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்கிற இடத்தில் கயிறு போய் எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். மழைநீர் மேட்டை அறுத்துக்கொண்டு இறங்கிய இடங்களில் குனிந்து பார்த்தால் கரையின் குறுக்குவெட்டு தெரியும். சரிவின் அடியில், ஓதம் ஏறி இறங்கும் மட்டத்தில், உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி பட்டையாகப் படர்ந்திருக்கும். ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன; 1960-களின் புயல்கள் மிச்சத்தைக் கெடுத்தன. 2008-ல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். நம் பக்கம் சரக்குப் படகு வந்தபாடில்லை.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிடும். பச்சையாகத் தெரிகிற சேற்றில் கால் வைக்காதீர்கள், முழங்கால் வரை வாங்கும். தனியாகப் போகவும் வேண்டாம். தொப்பியும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம், ஏனென்றால் நிழலே கிடையாது.

வழியில் உப்பளங்கள் வரும். வரப்பில் ஏறுமுன் வேலை செய்பவர்களிடம், "அண்ணே, இப்படியே கரைக்குப் போலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாத்திக்குள் கால் பட்டால் வாரிக்கொண்டிருக்கும் உப்பில் சேறு கலந்துவிடும். படமெடுக்கவும் கேட்டுவிட்டே எடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் வடக்கே கடப்பாக்கம் போய் ஆலம்பரைக் கோட்டையைப் பாருங்கள். 1750-ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கிடைத்தது, 1760-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். பறவை பிடிக்கும் என்றால் கோட்டையை விட்டுவிட்டுக் கழுவெளிப் பக்கம் திரும்புங்கள். 2021-ல் சரணாலயமாக அறிவித்த ஏரி. ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் கரையில் நடக்க நேரம் இருக்காது.