யூகானின் கோடை: தெற்குக் கணக்கோடு வடக்கே போகிறவர்கள் செய்யும் தவறுகள்

டொரண்டோவிலிருந்தும் வான்கூவரிலிருந்தும் கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூகான் பிரதேசத்துக்குக் கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் பலர், நயாகராவுக்கோ பான்ஃபுக்கோ போய்வந்த அனுபவத்தை வைத்தே திட்டம் போடுகிறார்கள். நயாகராவில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் எந்த வாரம் போனாலும் அருவி விழுந்துகொண்டுதான் இருக்கும். யூகான் அப்படிப்பட்ட ஊர் இல்லை. சுமார் 4,82,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 45,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் வைட்ஹார்ஸ் நகரத்தில். மற்ற இடமெல்லாம் காடு, மலை, ஆறு, நீண்ட சாலை. அங்கே ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் இரண்டு மூன்று வாரங்களே பருவம். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் வாரத்தை முதலில் பிடித்துவிட்டு, என்ன பார்க்கலாம் என்று பிறகு தேடுவதுதான் முதல் தவறு. பார்க்க விரும்புவதை முடிவு செய்துவிட்டு அதற்கான வாரத்தைத் தேடுங்கள்.

ஜூனில் துருவ ஒளியைத் தேடுவது

யூகான் என்றதும் பச்சைத் திரை அசையும் இரவு வானத்தின் படம்தான் எல்லோர் மனத்திலும் வருகிறது. ஆனால் ஜூன் கடைசியில் வைட்ஹார்ஸில் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். சூரியன் இரவு பதினொன்றரை மணியளவில் மறைந்து காலை நான்கரைக்கு எழுகிறது. இடைப்பட்ட நேரத்திலும் வானம் இருட்டுவதில்லை, அந்தி வெளிச்சம் நின்றுவிடுகிறது. துருவ ஒளி அப்போதும் மேலே இருக்கலாம். அதைக் காட்டும் இருட்டுதான் கிடையாது. ஆகஸ்ட் பாதிக்கு மேல்தான் இரவு மறுபடி இரவாகிறது. மாதக் கடைசியில் போனால் ஓரளவு வாய்ப்பு உண்டு. நள்ளிரவுச் சூரியனையும் துருவ ஒளியையும் ஒரே வாரத்தில் காட்டுவதாக எவராவது சொன்னால், அவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நள்ளிரவுச் சூரியனிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சூரியன் ஒரு நாள் முழுக்க அடிவானத்துக்குக் கீழே இறங்காமல் இருப்பதைக் காண ஆர்க்டிக் வட்டத்தைத் தொட வேண்டும்; டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் அது 405ஆவது கிலோமீட்டரில் வருகிறது. டாசன் நகரம் வட்டத்துக்குத் தெற்கேதான் இருக்கிறது. ஆயினும் அங்கே ஜூன் 21 அன்று கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது சூரியன் வானில் நிற்கிறது. காரணம் கடிகாரம்தான். யூகான் 2020 நவம்பர் முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. டாசன் அவ்வளவு மேற்கே இருப்பதால் உண்மையான நண்பகல் அங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் வருகிறது. நகரத்தைச் சுற்றி மலைகள் இருப்பதால் தெருவில் நின்று பார்த்தால் பலன் குறைவு. உள்ளூர்க்காரர்கள் மிட்நைட் டோம் என்னும் குன்றின் உச்சிக்கு ஏறிவிடுவார்கள். நீங்களும் ஏறுங்கள்.

இந்த வெளிச்சம் உடம்பை ஏமாற்றும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. "இன்னும் வெயில் இருக்கிறதே" என்று இரவு பத்து மணிக்கு மலைப்பாதையில் நடக்கத் தொடங்குவார்கள். 500 கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். களைப்புக்கு வெளிச்சம் தெரியாது. கண்ணை மறைக்கும் துணிப்பட்டை ஒன்றை எடுத்துப் போங்கள். கூடாரத்தில் தூங்குகிறவர்களுக்கு அது மெத்தையைவிட முக்கியம்.

திருவிழாவுக்கு ஒரு நாள் பிந்துவது

கோடை நிகழ்ச்சிகள் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நெருக்கியடித்து நடக்கின்றன. ஜூன் 21, பூர்வகுடி மக்கள் தினம், யூகானில் சட்டப்படி பொது விடுமுறை. அதன் பிறகு, ஜூன் கடைசி வாக்கில், வைட்ஹார்ஸ் ஆற்றங்கரையில் க்வான்லின் டுன் பூர்வகுடியினரின் பண்பாட்டு மையத்தில் அடாக்கா கலைவிழா நடக்கிறது. செதுக்குகிறவர், மணிவேலை செய்கிறவர், தோல் பதனிடுகிறவர் எல்லோரும் கண்ணெதிரே வேலை செய்வார்கள். இதை அருங்காட்சியகம் போல ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டுப் போவது பெரிய இழப்பு. ஒரு மேசை அருகே உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். சடங்கு நடக்கும்போது மட்டும் கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள்.

வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை 715 கிலோமீட்டர் துடுப்புப் போடும் யூகான் ரிவர் குவெஸ்ட் பந்தயமும் ஜூன் பிற்பகுதியில்தான். பார்வையாளர்கள் பலர் முடிவுக் கோட்டை மட்டும் மனத்தில் வைத்து டாசனில் காத்திருக்கிறார்கள். படகுகளோ மணிக்கணக்கான இடைவெளி விட்டு, விடிகாலையிலும் நடுநிசியிலும் ஒவ்வொன்றாக வந்து சேரும். தொடக்கம்தான் பார்க்கத் தக்கது. போட்டியாளர்கள் கூட்டமாகக் கரையில் ஓடிப் படகுகளைத் தள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்குவார்கள்.

ஜூலையில் டாசன் இசைவிழா. ஆகஸ்ட் மூன்றாம் திங்கள் தங்கம் கண்டெடுத்த நாள் விடுமுறை, அதற்கு முந்தைய சனி ஞாயிறில் டாசனில் கொண்டாட்டம். சிறிய ஊர், அறைகள் குறைவு. இந்த வார இறுதிகளில் "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பினால் காரிலேயே உறங்க நேரிடும். பிரதேச அரசின் முகாம் மைதானங்கள் பெரும்பாலும் முன்பதிவு இல்லாதவை, முதலில் வந்தவருக்கே இடம். ஆகவே விழாக்கால வெள்ளிக்கிழமைகளில் மாலையில் போய்ச் சேருவது வீண்; பகலிலேயே இடம் பிடித்துவிட வேண்டும்.

பலர் தவறவிடுவது மூஸ்ஹைட் கூடுகை. 1896 ஆகஸ்டில் கண்டெடுத்த தங்கத்தைத் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தபோது, ட்ரொன்டெக் ஹ்வெச்சின் பூர்வகுடி மக்களின் தலைவர் ஐசக் தம் மக்களை ஆற்றோடு கீழே மூஸ்ஹைட் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். பாட்டும் நடனமும் அழிந்துபோகாமல் இருக்க அவற்றை அலாஸ்காவிலுள்ள உறவினரிடம் ஒப்படைத்தார். பின்னாளில் அவை திரும்பி வந்தன. இரட்டைப்படை ஆண்டுகளின் ஜூலையில் அங்கே நடக்கும் கூடுகைக்கு வெளியாரும் வரலாம். டாசனிலிருந்து படகில்தான் போக வேண்டும். மது கொண்டுபோகக் கூடாது. 2023இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ட்ரொன்டெக்-க்ளோண்டைக் தொகுதியில் மூஸ்ஹைட்டும் ஒன்று. டாசன் என்றால் சூதாட்ட விடுதி, கான்கான் நடனம் என்று மட்டும் எண்ணி வருகிறவர்கள் கதையின் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

தங்கம் என்றதும் இன்னொன்று. தட்டும் கையுமாகக் கண்ட ஓடையில் இறங்கிவிடாதீர்கள். டாசனைச் சுற்றியுள்ள ஓடைகளில் பெரும்பகுதி இன்றைக்கும் யாரோ ஒருவர் உரிமை பதிந்து வைத்திருக்கும் நிலம். அங்கே மணலை அலசுவது அவர் பொருளில் கைவைப்பது. பொனான்சா ஓடையில் ஆறாம் எண் நிலம் பயணிகளுக்காகவே இலவசமாக விடப்பட்டிருக்கிறது. அங்கே அலசுங்கள், கிடைத்தது உங்களுக்கு.

டெம்ப்ஸ்டர் சாலையைச் சாதாரணச் சாலை என்று நினைப்பது

வரைபடத்தில் டெம்ப்ஸ்டர் ஒரு கோடு. டாசனுக்குக் கிழக்கே தொடங்கி இனுவிக் வரை சுமார் 740 கிலோமீட்டர், பெரும்பாலும் சரளைக்கல். 2017இல் இனுவிக்கிலிருந்து கடற்கரை ஊரான துக்தோயாக்துக் வரை சாலை திறந்த பிறகு, "ஆர்க்டிக் கடலில் கால் நனைத்துவிட்டு வருவோம்" என்று இரண்டு நாள் விடுப்பில் கிளம்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். சாலை தொடங்கும் இடத்தை விட்டால் அடுத்த பெட்ரோல் ஈகிள் பிளெயின்ஸில், 369ஆவது கிலோமீட்டரில். கூரான கற்கள் டயரைக் கிழிக்கும். மழை பெய்தால் மேற்பரப்பு குழைந்து வண்டி வழுக்கும். நல்ல டயர், முழு அளவு மாற்றுச் சக்கரம், முடிந்தால் இரண்டு, இவை இல்லாமல் போகக் கூடாது. மேலும் பீல், மெக்கன்சி ஆறுகளைப் படகில் கடக்க வேண்டும். வசந்தத்தில் பனி உடையும் வாரங்களில் உறைந்த ஆற்றின் மேல் போகும் பனிச்சாலையும் இராது, படகும் ஓடாது. மே கடைசியில் போய் ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வருகிறவர்கள் உண்டு.

வாடகைக் காரில் போவதாக இருந்தால் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படியுங்கள். பல நிறுவனங்கள் டெம்ப்ஸ்டரில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. கண்ணாடி உடைந்தால் காப்புறுதி உதவாது. கைப்பேசிச் சமிக்ஞை ஊர்களை விட்டு வெளியேறியதும் போய்விடும், டெம்ப்ஸ்டரில் மட்டுமல்ல, வைட்ஹார்ஸ்–டாசன் வழியிலும்தான். வரைபடத்தை முன்பே தரவிறக்கி வையுங்கள்; தொலைவுப் பாதைக்குச் செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

என்னைக் கேட்டால், நேரம் குறைந்தவர்கள் துக்தோயாக்துக்கை மறந்துவிட்டு டூம்ஸ்டோன் பூங்காவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதன் விளக்க மையம் 71ஆவது கிலோமீட்டர் அருகிலேயே வந்துவிடுகிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அந்த மரமில்லாத துந்துரா நிலம் செம்மையும் பொன்னுமாக மாறும். கடலோரத்தைத் தொட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் படத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கிரிஸ்லி ஏரி போன்ற உள்முகாம்களுக்கு முன்பதிவு வேண்டும். உணவை வைக்கக் கரடி திறக்க முடியாத பெட்டியும் வேண்டும்.

காட்டு விலங்குகளைப் பற்றிய தப்பெண்ணங்கள்

ஜூனில் சாலையோரப் புல்லையும் சீமைக்காட்டு முள்ளங்கிப் (டான்டிலைன்) பூக்களையும் மேயக் கரடிகள் நெடுஞ்சாலைக்கே வருகின்றன. வண்டியிலிருந்து இறங்கிப் படம் எடுப்பது பைத்தியக்காரத்தனம். மெதுவாக ஓட்டி, கண்ணாடி வழியே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பானை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது. வைட்ஹார்ஸில் இறங்கியதும் வாங்க வேண்டும். அடுப்பு எரிவாயு டப்பாவுக்கும் இதே கதை. வாசனையுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, பற்பசை உட்பட. கருவாட்டுப் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கலாமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு; கரடியோடு பங்கு போட விருப்பம் இருந்தால் வைக்கலாம்.

குளுவானி ஏரிக்கரையில் தெச்சால் தால் மலையில் வெள்ளை டால் செம்மறிகளைப் பார்க்கலாம் என்று எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கும். கோடை நடுவில் அவை உயர்ந்த சரிவுகளுக்குப் போய்விடுகின்றன. ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புகின்றன. மீன்கள் அணையைத் தாண்ட உதவும் வைட்ஹார்ஸின் மரத்தாலான மீன் ஏணியும் இப்படித்தான். சினூக் சால்மன் ஜூலை கடைசிக்குப் பிறகே அங்கே வந்து சேரும். இப்போது அவற்றின் எண்ணிக்கை மிகச் சரிந்துவிட்டதால், 2024இல் கனடாவும் அலாஸ்காவும் யூகான் ஆற்றில் சினூக் பிடிப்பதை ஏழாண்டுகளுக்கு நிறுத்த ஒப்புக்கொண்டன. துள்ளும் மீன்கூட்டத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாம் என்று ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள்.

குளுவானி பூங்காவில் இருக்கும் லோகன் சிகரம் 5,959 மீட்டர், கனடாவிலேயே உயர்ந்தது. காரில் போய் அதைப் பார்த்துவிடலாம் என்பது பொய்யான நம்பிக்கை. சாலையிலிருந்து தெரிவது முன்வரிசை மலைகள், பனிக்களம் அவற்றுக்குப் பின்னால். சிறு விமானத்தில் ஏறினால்தான் காண முடியும். அந்த விமானங்கள் வானிலைக்குக் கட்டுப்பட்டவை என்பதால் பயணத்தின் கடைசி நாளில் பதிவு செய்யாதீர்கள், பின்னால் இரண்டு நாளாவது மிச்சம் இருக்கட்டும்.

கொசுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜூனிலும் ஜூலையிலும் நிறைய இருக்கும், தலையை மூடும் கொசுவலை வாங்குங்கள்.

புகையும் எல்லையும்

மழை பெய்யுமா என்று பார்க்கிறவர்கள் காட்டுத்தீயைப் பார்ப்பதில்லை. 2004இல் யூகானில் சுமார் 17 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அவ்வளவு மோசமில்லாத ஆண்டிலும் புகை வந்து மலைகளை மறைக்கும், சாலைகள் மூடப்படும். வைட்ஹார்ஸுக்கும் டாசனுக்கும் இடையே 530 கிலோமீட்டருக்கு வசதியான மாற்றுவழி கிடையாது. பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளையே செய்யுங்கள். கிளம்பும் காலையில் யூகான் 511 தளத்தில் சாலை நிலவரத்தைப் பாருங்கள்.

கடைசியாக, அமெரிக்க எல்லை. அலாஸ்காவிலுள்ள ஸ்காக்வேயின் ரயில் பயணமும், டாசனிலிருந்து அலாஸ்காவுக்குப் போகும் டாப் ஆஃப் த வேர்ல்ட் நெடுஞ்சாலையும் யூகான் பட்டியல்களில் எப்போதும் இருக்கும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்திருக்கும் பெற்றோரின் கனடா விசா அந்த எல்லையில் செல்லாது. குடும்பத்தோடு போய் அப்பாவையும் அம்மாவையும் இந்தப் பக்கம் உட்காரவைக்க நேரும். டாசனுக்கு அப்பாலுள்ள அந்த மலை எல்லைச்சாவடி கோடையில் மட்டுமே திறக்கும், இரவில் மூடிவிடும். அலாஸ்கா கடிகாரம் கோடையில் யூகானைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. எந்தப் பக்கத்து நேரப்படி மூடுகிறார்கள் என்பதை டாசனிலேயே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.