இரண்டு ஜெனரேட்டரையும் நிறுத்திப் பாருங்கள்

போன மாதம் அக்காவின் மகன் வெள்ளவத்தைக்கு வந்து, கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமியுலேட்டருக்கு வாங்கப்போகும் விமான மொடலின் படங்களைப் போனில் காட்டினான். இறக்கையில் வெயில் படுகிறது, கண்ணாடியில் மழைத்துளி ஓடுகிறது. "மாமா, வாங்கட்டா?" வடிவுதான். ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகிற சாமானை வடிவு பார்த்து வாங்கக்கூடாது. அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நான் லிஃப்ட் திருத்துபவன். லிஃப்ட் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்து அது நல்லது என்று நான் கையெழுத்து வைப்பதில்லை. கரண்டை நிறுத்துவேன். நிறுத்திய கணத்தில் ஸ்பிரிங் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். விமான மொடலையும் அப்படித்தான் சோதிக்கிறேன்: ஒன்றைப் பறித்துவிட்டு, மிச்சமெல்லாம் அதை உணர்கிறதா என்று பார்ப்பேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் நாம் அடிக்கடி காணும் எயார்பஸ் ஏ320 விமானத்தை வைத்துச் சொல்கிறேன். முதலில் ஃபிளைபைவயர் குழுவின் இலவச ஏ320நியோவை மைக்ரோசொஃப்ட் சிமியுலேட்டரில் பத்துத் தடவையாவது ஓட்டிப் பழகுங்கள். காசு கொடுத்து வாங்குவது இதைவிட எதில் மேல் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், அந்தக் காசு பையிலேயே இருக்கட்டும்.

இனி மின்சாரம். மேலே ஏறி நேராகப் பறக்கும்போது, ஏ.பி.யூ. என்ற வாலிலுள்ள சிறு துணை எஞ்சின் நின்றிருக்க, முதலாவது எஞ்சினின் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். இரண்டாவது ஜெனரேட்டர் முழுச் சுமையையும் ஏற்க வேண்டும். திரைகள் அணையக்கூடாது, ஆனால் பயணிகளின் சாப்பாடு சூடாக்கும் கலி என்ற சமையல் பகுதியின் மின்சாரம் தானாக வெட்டப்பட வேண்டும். ஈகாம் என்ற, விமானத்தின் நிலையைக் காட்டும் திரையின் மின்சாரப் பக்கத்தில் அது தெரியும். பிறகு இரண்டாவதையும் நிறுத்துங்கள். சிவப்பு எச்சரிக்கை வரும், துணை விமானியின் திரைகள் இருளும், கப்டனின் பிரதான திரை எரியும், விமானத்தின் வயிற்றிலிருந்து, அவசர மின்சாரத்துக்கான ராட் என்ற சிறு காற்றாடி வெளியே விழுந்து சுழலும். நல்ல மொடலில் அதன் இரைச்சல் கேட்கும். ஜெனரேட்டர்களைத் திரும்பப் போட்டாலும் ராட் உள்ளே போகக்கூடாது. உண்மையான விமானத்தில் அதைத் தரையில் வைத்துத்தான் மடக்கலாம். இதையே விமானம் நிறுத்தியிருக்கும்போதும் செய்து பாருங்கள். வேகம் 100 நொட்டுக்கு (மணிக்கு 100 கடல் மைலுக்கு) மேல் இல்லாததால் ராட் தானாக விழக்கூடாது.

ஒருமுறை நான் வாங்கிய மொடலில் இரண்டையும் நிறுத்திய பிறகும் எல்லாத் திரைகளும் ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தன. அந்தச் சுவிட்சுகள் வெறும் படங்கள். அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

ஹைட்ரோலிக்கை, அதாவது திரவ அழுத்தத்தால் விமானத்தின் பாகங்களை அசைக்கும் ஏற்பாட்டை, சோதிக்க ஒரு நிமிடம் போதும். முதலாம் எஞ்சின் பச்சைப் பக்கத்துக்கும் இரண்டாம் எஞ்சின் மஞ்சள் பக்கத்துக்கும் அழுத்தம் கொடுக்கும். முதலாம் எஞ்சினின் பம்பை நிறுத்தினால், மஞ்சள் பக்கத்து அழுத்தத்தைக் கொண்டு பி.டி.யூ. என்ற இணைப்புப் பம்ப் பச்சைப் பக்கத்தைத் தாங்க வேண்டும். ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க மற்றதை ஸ்டார்ட் பண்ணும்போது தரைக்கடியில் நாய் குரைப்பதுபோல் கேட்கிறதே, அதே சாமான்தான்.

தரையிறக்கத்துக்கு ஆறுதலாக ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். ஏ320இன் கணினி, தரையிலிருந்து 50 அடியில் மூக்கின் நிலையை நினைவில் வைத்து, 30 அடியிலிருந்து அதை மெல்ல மெல்லக் கீழே சாய்க்கும். அதனால்தான் விமானி குச்சியைத் தன்பக்கம் இழுக்கிறார். நீங்கள் இழுக்காமலே விமானம் பஞ்சுபோல உட்கார்ந்தால், அந்த மொடலில் எயார்பஸ்ஸின் கட்டுப்பாட்டு விதி எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

பக்கக்காற்று நம் ஊரில் இலகுவில் கிடைக்காது. கட்டுநாயக்க ஓடுபாதை 04/22, அதாவது ஒரு பக்கம் ஏறத்தாழ 40 பாகையையும் மறுபக்கம் 220 பாகையையும் நோக்கியது. தென்மேல் பருவக்காற்றும் வடகீழ் பருவக்காற்றும் பெரும்பாலும் அதன் நீளவாக்கிலேயே வீசும். ஆகவே நேரடி வானிலையை நிறுத்திவிட்டு, 310 பாகையிலிருந்து 20 நொட் காற்றைக் கையால் போட்டு, தென்னந்தோப்புகளுக்கு மேலாக 22க்கு இறங்குங்கள். சக்கரம் தொட்ட பிறகு மூக்கு வலப்பக்கம், காற்றை நோக்கித் திரும்பப் பார்க்க வேண்டும்; வால் சுக்கானைத் திருப்பும் இடது ரடர் மிதியை நீங்கள் மிதித்துப் பிடிக்க வேண்டும். காலை எடுத்த பிறகும் தண்டவாளத்தில் போவதுபோல நேரே ஓடினால், எனக்கு அந்த மொடல் வேண்டாம்.

எரிபொருளுக்கு சென்னை வரை போய் வாருங்கள், போக ஏறத்தாழ 350 கடல் மைல். பயணத் திட்டம் போட்டுத் தரும் சிம்பிரீஃப் தளம் சொன்ன அளவுக்கும் எரிந்த அளவுக்கும் நூறு இருநூறு கிலோ வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. அரை டன் பிழைத்தால், முதலில் நீங்கள் போட்ட எடையைப் பாருங்கள், பிறகு மொடலைக் குறை சொல்லுங்கள்.

படம் திக்கித்திக்கி ஓடுகிறதா என்பதை வெறும் வானத்தில் பார்க்காதீர்கள். இரவு, மழை, பெரிய விமான நிலையம் மூன்றும் சேர்ந்த இடத்தில் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் விதியையும் வாங்கமுன் வாசியுங்கள்.

மருமகன் கடைசியில் வேறொரு மொடலை வாங்கினான். போன சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் போன் எடுத்தான். "மாமா, ராட் விழுந்த சத்தம் கேட்டது!" போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி நானும் கேட்டேன்.