பிள்ளைக்கு ஆட்டிசமா என்று பார்க்க மலை இறங்குகிறவர்களுக்கு

எங்கள் வீட்டுக்கு எதிர் மேட்டில், தேயிலைக்குள் காட்டுமாடு வந்து நின்றால் தெருப்பிள்ளைகள் எல்லாம் விரல் நீட்டிக் கத்தும். என் மகனுக்கு அப்போது ஒரு வருஷம் எட்டு மாதம். "அதோ பாரு" என்று நான் கை காட்டினால் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டான். பிஸ்கட் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் டப்பா மூடிமேல் வைப்பான், கையில் கிடைத்த இடுக்கியை எடுத்துப் போவதுபோல. முகத்தைப் பார்க்க மாட்டான். "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று என் மாமியார் வசம்பு உரசி நாக்கில் தடவினார். நானும் சரி என்றிருந்தேன். ஆறு மாதம் போய்விட்டது.

கோத்தகிரி மாதிரி ஊரிலிருந்து இந்தப் பரிசோதனைக்குப் போவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி வளரும் ஒரு வளர்ச்சி நிலை. அதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளை விளையாடுவதைப் பார்த்தும் நம்மிடம் கேட்டும்தான் முடிவுக்கு வருகிறார்கள். அதனால் வீட்டில் நடப்பதை அப்படியே கட்டிக் கீழே கொண்டுபோவதுதான் நம் வேலை.

1. நோட்டும் வீடியோவும்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எத்தனை தடவைக்கு ஒரு தடவை திரும்புகிறான்? சுட்டிக்காட்டுகிறானா? சொப்பு வைத்துச் சமைக்கிறானா, இல்லை சொப்பைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறானா? பேசிக்கொண்டிருந்த சொல் எதுவும் நின்றுபோனதா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால் வயது எதுவானாலும் காத்திருக்க வேண்டாம்.

சொற்களை எண்ணும்போது வீட்டில் புழங்கும் எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். பாட்டி பேசும் படுகர் மொழியான படுகு, தெருவில் தமிழ், கூடலூர்ப் பக்கம் என்றால் மலையாளமும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வராது. "ஒரே மொழியில பேசுங்க" என்று யாராவது சொன்னாலும் பாட்டியின் வாயைக் கட்டிப்போடாதீர்கள்.

பிறகு போனில் ஒன்றிரண்டு நிமிட வீடியோக்கள்: பின்னாலிருந்து கூப்பிடுவது, தனியாக விளையாடுவது, சாப்பிடுவது, மற்ற பிள்ளைகளோடு இருப்பது. அழுது புரள்வதையும் எடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் டாக்டர் அறையில் அன்றைக்குப் பார்த்துப் பிள்ளை சாதுவாக உட்கார்ந்திருப்பான்.

2. இருபது கேள்வி

ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட்-ஆர் என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது. 20 கேள்வி, ஆம் அல்லது இல்லை. பெரும்பாலும் "இல்லை" என்பதுதான் கவலைக்குரிய பதில். ஆனால் 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளுக்கு "ஆம்" என்பதே கவலைக்குரியது. நான் இது தெரியாமல் முதலில் தப்பாகக் கூட்டினேன். கவலைக்குரிய பதில்கள் மொத்தம் 3 முதல் 7 வந்தால் இன்னும் விவரம் கேட்பார்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இது சல்லடைதான், தீர்ப்பில்லை. குறைவாக வந்தும் மனசு உறுத்தினால் போய்க் காட்டுங்கள்.

3. யாரிடம் போவது

அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் முதலில் சொல்லலாம். 2013இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தையும் பார்க்கிறார்கள். டி.இ.ஐ.சி. என்ற, வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கவனிக்கும் மாவட்ட மையத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தனியாரிடம் போவதென்றால் வளர்ச்சி நலக் குழந்தை மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரே பார்க்க வேண்டியவர்கள். உளவியலாளருக்கும் பேச்சு தெரபிஸ்ட்டுக்கும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பேயில்லை. ஓரிடத்தில் ஐந்தே நிமிடம் பார்த்துவிட்டு "மூணு வயசு ஆகட்டும்மா" என்றார்கள். அனுபவமுள்ளவர்களால் இரண்டு வயதிலேயே சொல்ல முடியும்.

4. காது

நான் சொதப்பியது இங்கேதான். பேச்சு வராத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அதற்குப் பெரா என்றொரு பரிசோதனை, சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது, பிள்ளை அசையாமல் தூங்கும்போது எடுப்பார்கள். காலை பஸ்ஸில் ஏறினோம். குஞ்சப்பனை தாண்டியதும் என் தோளில் சாய்ந்தவன் மேட்டுப்பாளையம் வரை நன்றாகத் தூங்கினான். கோயம்புத்தூர் போனதும் புது ஆளாக எழுந்து வராந்தா முழுக்க ஓட்டம். மருந்து கொடுத்தும் தூங்கவில்லை. திரும்பி வந்தோம்.

அடுத்த முறை முதல் நாளே இறங்கி மேட்டுப்பாளையத்தில் சின்னம்மா வீட்டில் தங்கினோம். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி, வழியெல்லாம் பாட்டுப் பாடியே கண்ணை மூடவிடாமல் கூட்டிப்போனேன். படுத்த பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டான். தூக்க மருந்தை நீங்களாக வீட்டில் கொடுக்கவே கூடாது. சளி பிடித்திருந்தால் போன் செய்து தேதியை மாற்றுங்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவு குழம்பும்.

5. பரிசோதனை நாள்

சோப்புக் குமிழி ஊதுவார்கள், பந்து உருட்டுவார்கள், பொம்மைக்குச் சோறூட்டச் சொல்வார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம், இரண்டு நாள் வரச் சொல்லலாம். "ஆன்ட்டிக்கு டாட்டா சொல்லு" என்று நடுவில் எடுத்துக்கொடுக்காதீர்கள். முந்தின நாள் பயிற்சி கொடுத்துக் கூட்டிப்போகவும் வேண்டாம். தடுப்பூசி அட்டை, பிறந்த எடை, எத்தனை வாரத்தில் பிறந்தான், உடனே அழுதானா, வலிப்பு வந்ததா போன்ற விவரங்கள் கையில் இருக்கட்டும். செல்போனாலா, தடுப்பூசியாலா என்று உள்ளுக்குள் குமைவீர்கள். இரண்டாலும் ஆட்டிசம் வருவதில்லை.

6. அறிக்கை

எந்த அளவுகோல், என்ன மதிப்பெண், என்ன தேதி, மூன்றும் எழுத்தில் வேண்டும். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு "வளர்ச்சித் தாமதம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று மட்டும் எழுதுவதும் உண்டு. அப்படியானாலும் தெரபியை இப்போதே தொடங்கலாமா என்று கேளுங்கள். பெயர் வைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆட்டிசம் என்றே உறுதியானால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது, யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த தேதி வாங்கும்போது மலையிலிருந்து வருகிறோம் என்று சொல்லிப் பதினொரு மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். வரவேற்பறைப் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து ரோடு அடைத்தால் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.