ஜாப் கார்டில் ஏறாத கோளாறு

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் மச்சான் போன வருடம் புதுக் கார் எடுத்தார். மூன்றாவது வாரமே முதல் கியரில் வண்டி ஜெர்க் அடிக்க ஆரம்பித்தது. சில்க் போர்டு நெரிசலில் நின்று நின்று கிளம்பும்போது பக்கத்தில் இருப்பவர் தலை முன்னால் போய் வரும். சர்வீஸ் சென்டர் பையன் நன்றாகத் தமிழ் பேசுவான். "சார், புது வண்டி. ஓட ஓட செட் ஆயிடும்" என்றான். இவரும் நம்பித் திரும்பி வந்தார். இப்படி மூன்று தடவை. வண்டியை விடும்போது என்ன கோளாறு என்று சர்வீஸ் சென்டரில் எழுதும் தாள்தான் ஜாப் கார்டு. ஒருநாள் மூன்று ஜாப் கார்டையும் மேசையில் பரப்பிப் பார்த்தோம். மூன்றிலும் ஒரே வரி: 'ஜெனரல் செக்கப்'. ஜெர்க், கிளட்ச் என்ற சொற்களே இல்லை. அந்தக் காகிதங்களை மட்டும் பார்த்தால் காரில் ஒரு குறையும் கிடையாது.

புது வண்டியில் மாட்டிக்கொள்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். அமெரிக்காவில் இருக்கும் 'லெமன் லா' போலப் பழுதான புது வண்டிக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் துணை. அதில் கோளாறைக் காட்ட வேண்டியது நாம். அதனால் என்ன பிரச்சினை, எத்தனை கிலோமீட்டரில் என்று நாம் சொல்லும் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, பிரதியை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். வண்டியைத் திருப்பித் தரும்போது 'திருப்தி' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். சரியாகவில்லை என்றால் 'கோளாறு தீரவில்லை' என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போடுங்கள். அன்றே கார் கம்பெனிக்கும் டீலருக்கும் ஒரு மெயில்.

பொறுமை போய், ஜே.சி. ரோட்டில் தெரிந்த மெக்கானிக்கிடம் பிரித்துப் பார்ப்பது அடுத்த தவறு. அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் வாரண்டியும் போகும், சாட்சியும் கலையும். 'உற்பத்திக் கோளாறு' என்று வாதாட நிபுணர் அறிக்கை வேண்டும். அது இல்லாமல் தள்ளுபடியான வழக்குகள் உண்டு. வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்திடமே கேட்கலாம். செலவை முதலில் நாம்தான் கட்ட வேண்டியிருக்கும்.

"எனக்குப் புது வண்டிதான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நிற்பதும் உதவாது. ஒரு பாகத்தை மாற்றினால் தீரும் என்றால் காரையே மாற்றித் தர வேண்டியதில்லை என்று 2006இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பாகத்தை மாற்று, முடியாவிட்டால் வண்டியை மாற்று அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு, அலைச்சலுக்கு இழப்பீடு கொடு என்று படிப்படியாகக் கேளுங்கள். டீலரை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் அவர் கம்பெனியைக் கை காட்டுவார். இருவரையும் சேருங்கள்.

நம்மவர்களில் சிலர் ஓசூரில் வண்டி எடுத்துவிட்டு இங்கே பெங்களூரில் ஓட்டுகிறார்கள். (கர்நாடக சாலை வரி அதிகம் என்பது தெரிந்ததுதானே!) 'வழக்கு என்றால் கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டுமே' என்று விட்டுவிடுகிறார்கள். வேண்டாம். புகார் செய்பவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே போடலாம். வாடகை ஒப்பந்தம் கைவசம் இருக்கட்டும்.

வண்டியை உங்கள் சொந்த நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் 'வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு கிளப்பும். ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிற டாக்சிக்காரரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

வழக்குப் போடக் கெடு 2 வருடம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பேசிக்கொண்டிருந்தாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை.

மச்சான் நான்காவது முறை போனபோதும் அந்தப் பையன் 'ஜெனரல் செக்கப்' என்றே அடித்தான். "தம்பி, அதை அழிச்சிட்டு நான் சொல்றதை எழுதுங்க" என்றார் இவர். பையன் தயங்கி உள்ளே போனான். மேனேஜர் வந்தார், சாவியை வாங்கினார், தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தார். அன்றுவரை அங்கே யாரும் அந்த வண்டியை ஓட்டியே பார்க்கவில்லை.