இன்சுலின் ஊசி போடுறதுக்கு முன்னாடி சிரிஞ்ச் மூடியோட கலரைப் பாருங்க

வார்டுக்குப் புதுசா வந்த பிள்ளைங்களுக்காக எழுதுறேன், வீட்டுல அப்பா அம்மாவுக்கு ஊசி போடுறவங்களும் படிக்கலாம்.

நம்ம ஊர்ல இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஆனா 100 யூனிட் பாட்டிலும் இருக்கு, பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சிரிஞ்சும் ரெண்டு, செவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தை செவப்பு மூடி சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா அது அரை மில்லி, 20ன்னு நெனச்சு 50 யூனிட் போட்டிருப்பீங்க. தலைகீழா பண்ணா, 40 மருந்து ஆரஞ்சு சிரிஞ்சுல, 20 கோட்டுக்கு வெறும் 8 யூனிட்தான் போகும், சுகர் ஏன் இறங்கலன்னு டாக்டர் டோஸை ஏத்திட்டே போவாரு, அப்புறம் ஒருநாள் யாராவது சரியான சிரிஞ்சுல போட்டாங்கன்னா அன்னைக்கு ஆள் மயங்கிடுவாரு. பொருந்துற சிரிஞ்ச் இல்லையா, மனக்கணக்கு போடாதீங்க, ஃபார்மசியில வாங்கிட்டு வரச் சொல்லுங்க.

கேஸ் ஷீட்ல 10க்குப் பக்கத்துல இங்கிலீஷ் யூ (யூனிட்) எழுதியிருந்தா அது சைபர் மாதிரி, 100ன்னு கண்ணுக்குத் தெரியும், சந்தேகம்னா போன் போட்டுக் கேளுங்க, திட்டினா திட்டட்டும். இன்னொரு சிஸ்டர்கிட்ட செக் பண்ணும்போது "20 சரிதானே"ன்னு கேட்டா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க, பாட்டிலையும் சிரிஞ்சையும் கையில குடுத்து "எவ்வளவு இருக்கு, படிங்க"ன்னு கேளுங்க.

ப்ளெயின் இன்சுலின், அதாவது தண்ணி மாதிரி தெளிவா இருக்குற ரெகுலர் இன்சுலின், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாடி. ஆனா ட்ரே வருதான்னு தெரிஞ்சுக்கிட்டு போடுங்க, ஊசி போட்டப்புறம் ஸ்கேனுக்கு இழுத்துட்டுப் போயிட்டா இட்லி இங்க ஆறிட்டிருக்கும், சுகர் அங்க இறங்கிட்டிருக்கும். சாப்பிடக்கூடாதுன்னு வச்சிருக்கிற பேஷன்ட்டுன்னா டாக்டரைக் கேக்காம போடவே வேணாம்.

ப்ளெயின் 2லேர்ந்து 4 மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும். பால் மாதிரி கலங்கலா இருக்குற என்பிஹெச்ங்கிற இன்னொரு வகை இன்சுலின் அதுக்கும் லேட்டு, ராத்திரி போட்டது விடியக்காலை 3 மணிக்கு வேலையைக் காட்டும், நாம அசந்துபோற நேரம். எனக்கு ஒரு நைட் டியூட்டில இப்படித்தான், தாத்தாவுக்கு சட்டையெல்லாம் நனைஞ்சு வேர்த்திருக்கு, மகன் "கரண்ட் போச்சுல்ல சிஸ்டர், அதான்"ங்கிறாரு, விரல்ல குத்திப் பாத்தா சுகர் 48. வேர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, சம்பந்தமில்லாத பேச்சு, எதுவா இருந்தாலும் முதல்ல சுகர் பாருங்க. பிபிக்கும் இதயத்துக்கும் குடுக்குற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போயிடலாம், வேர்வை மட்டும் காட்டிக்குடுக்கும்.

சுகர் 70க்குக் கீழ, முழிச்சிருக்காரு, முழுங்க முடியும்னா 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூன், தண்ணில கரைச்சுக் குடுங்க. மயக்கத்துல இருந்தா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு நரம்புல ஏத்துற குளுக்கோஸ், 25 பர்சென்ட் டெக்ஸ்ட்ரோஸ், ரெடியா வைங்க, வீடா இருந்தா 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. 15 நிமிஷம் கழிச்சு திரும்பவும் சுகர் பாக்கணும், ஆனா விரல்ல சர்க்கரைத் தண்ணி ஒட்டியிருந்தா மீட்டர் பொய் சொல்லும், கையைக் கழுவி நல்லா தொடச்சுட்டு குத்துங்க.